உப்புப் பார்க்கும் கரண்டி

பிடி வளைந்த சின்ன எவர்சில்வர் கரண்டி அது. எங்கள் சமையல்கூடத்துச் சுவரில் அதற்கென்று தனி ஆணி உண்டு. பதினோரு மாதம் சும்மா தொங்கும். நோன்பு மாதம் வந்தால் என் கைக்கு வந்துவிடும்.

மட்டாஞ்சேரியில் இத்தாவின் வீட்டுப் பின்கட்டுதான் சமையல்கூடம். இத்தா என்றால் மலையாளத்தில் அக்கா. இங்கே மூத்த முஸ்லிம் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். தோப்பும்படி துறைமுகத்தில் என் கணவருக்கு வேலை குறைந்துபோன வருஷம், வெங்காயம் நறுக்க அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். என் அப்பா நகராட்சியில் குப்பை அள்ளியவர். சுள்ளிக்கல்லில் எங்களை வளர்க்கையில் அவர் கற்றுத் தந்த ஒரே சாமர்த்தியம், "யாரு என்ன கேட்டாலும் ஆமான்னுட்டு வா, வம்பு வராது" என்பதுதான். அந்த ஆமாவை வைத்துத்தான் அதுவரை காலத்தை ஓட்டியிருந்தேன்.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குத் தினமும் செம்பு என்கிற பெரிய அண்டா நிறையக் கஞ்சி போகும். நோன்பிருக்கும் இத்தா அதை வாயில் வைக்க முடியாது. நாக்கில் தொட்டுத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சிலர் சொல்வார்கள். இத்தா அதற்கும் ஒப்பமாட்டார். அங்கே நோன்பில்லாதவள் நான் ஒருத்திதான். அதனால் உப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இத்தா உப்பைப் போட்டுவிட்டு, போட்டதை மறந்து இன்னொரு தடவையும் போட்டிருக்கிறார். நான் வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டுகொண்டது. இருபது வருஷக் கைப்பக்குவம். அதைக் குறை சொல்ல நான் யார்? "சரியா இருக்கு இத்தா" என்றேன். செம்பு போய்விட்டது.

பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் அந்தக் கஞ்சியை வாயில் வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. பள்ளிவாசலிலிருந்து செம்போடு ஒருவர் வந்து நின்றார். "எந்தா இத்தா இது? கடல் தண்ணியா?" நாளையும் இப்படியானால் கஞ்சிக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்களாம். இத்தா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் கையாக்கும் தப்பினது. நாளைக்கு நேராகும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆள் போனபிறகுதான் இத்தா என்னிடம் வந்தார். "உனக்குத் தெரிஞ்சதல்லே? பின்னே ஏன் சொல்லலை?"

"உங்க சமையலை நான் எப்படி இத்தா…"

"நான் உங்கிட்ட மரியாதையையா கேட்டேன்? உப்பல்லே கேட்டேன்!"

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். செம்பைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பாக்கிக் கூலியையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், வெங்காய மூட்டை வழக்கமான இடத்தில் இருந்தது. "இன்னைக்கு வெளியேயிருந்து வேறே யாரையாவது கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்லு இத்தா" என்று கூட வேலை செய்த பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இத்தா அந்தக் கரண்டியைக் கஞ்சியில் முக்கி, ஊதி ஆற்றி, நேராக என்னிடம் நீட்டினார்.

வாங்கி வாயில் வைத்தேன். "போதாது இத்தா." ஒரு பிடி போட்டார். "இப்போ?" "இன்னும் கொஞ்சம்." மறுபேச்சு இல்லாமல் போட்டார். ஒரு மாதத்துப் பிழைப்பை, முந்தின நாள் பொய் சொன்ன ஒரு நாக்கை நம்பிப் பந்தயம் வைத்தார். அன்றைக்குச் செம்பு வழித்துத் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தன்னம்பிக்கை என்றால் கவலைப்படாமல் உரக்கப் பேசுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படிப் பேசுகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அவர்கள் சமையலில் உப்பில்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். இத்தா அதிகம் பேசமாட்டார். ஆனால் தன் கை தப்பும் என்பதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள அவருக்குப் பயமில்லை. அந்தப் பயமின்மைதான் நிஜமான தைரியம் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. என்னை ஏன் நம்பினீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். "செம்பு திரும்பி வந்தப்போ நீ ஓடிப்போகலை. கழுவிக் கவிழ்த்துட்டுத்தானே போனே" என்றார். என்னிடம் அப்படி ஒரு நல்ல குணம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

இப்போது இத்தாவுக்குச் சர்க்கரை. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் முதல் நாள் நான் ஆணிப் பக்கமே போகவில்லை. இனி அவரே ருசி பார்த்துக்கொள்வாரே என்று மனசில் ஒரு சின்னக் குறையோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தா மெல்ல நடந்துபோய்க் கரண்டியை எடுத்தார். கஞ்சியில் முக்கினார். ஊதி ஆற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பார்க்கலாமே இத்தா?"

"பிடி, ஆறிப்போகும்."

வாங்கி வாயில் வைத்தேன். "உப்பு கூடிப்போச்சு இத்தா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. இத்தா சிரித்துக்கொண்டே, உப்பைத் தணிக்கத் தேங்காய்ப்பாலை எடுக்கப் போனார்.