மூடி கழற்றாத பேனா

நெருக்கடி நிலைக் காலம். எங்கள் மந்தைவெளித் தெருவில் துணி தேய்த்துக் கொடுப்பவரைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீசார் கூட்டிப் போய் மூன்று நாளாகியிருந்தது. ஓய்வுபெற்ற அரசு அதிகாரியான நான், சட்டம் தெரிந்த தைரியத்தில் காவல் நிலையத்துக்குப் போனேன்.

பதிவேடு எழுதும் ரைட்டர் ஒல்லியானவர். நெற்றியில் கலையாத திருநீறு. எதையும் பென்சிலால்தான் குறித்துக்கொள்வார். மசிப்பேனா சட்டைப்பையில் மூடியோடு இருக்கும்.

"கைது பண்ணினா இருபத்துநாலு மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். மூணு நாளாச்சே?" என்றேன்.

"கைதா? யார் சார் சொன்னது? சும்மா விசாரிச்சுக்கினு கீறோம்" என்று, பெஞ்சில் துவண்டு கிடந்தவரைக் காட்டினார்.

"கைது இல்லேன்னா பிடிச்சு வைக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை. நான் கூட்டிண்டு போறேன்."

தேய்ப்பவர் எழுந்தே விட்டார். ரைட்டர் பதறவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"பத்து இருபதுக்குக் கைது. நீங்க சொன்ன இருபத்துநாலு மணி நேரம் இப்போதான் ஆரம்பம் சார். நீ குந்துப்பா."

உட்கார்ந்தவர் என்னை முறைத்தார். "இன்னா சார், நீ வராம இருந்தா சாயந்தரம் உட்டிருப்பாங்க!"

குற்றம் கண்டுபிடிக்கலாமென்று அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தேன். முப்பது வருட உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை. அந்த மூன்று நாள் மட்டும் அதில் இல்லை.