இரண்டாவது இன்சுலின் பாட்டில்

மருந்தாளுநர் வேலை என்பது ஒரு சின்ன ஜன்னல் வழியாக ஊரையே பார்ப்பது. அந்தப் பக்கம் கால் கடுக்க நின்று எங்களைத் திட்டியிருப்பீர்கள், இந்தப் பக்கம் நிற்பவனுக்கும் கால் வலிக்கும் என்று நம்புங்கள்.

இரண்டு மாத மருந்து

கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றுபோனது. நான் திருநகரிலிருந்து பைக்கில் சோழவந்தான் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தேன். சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு இரண்டு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். மாத்திரை எங்கே கிடந்தாலும் கிடக்கும், இன்சுலின் கிடக்காது. ஆனால் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டமும் இல்லை.

வெற்றிலை கிள்ளும் வேலை பார்த்த பேச்சியம்மாள் அக்கா இரண்டு பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "ரெண்டு மாசம் ஒங்க சிடுமூஞ்சியப் பாக்க வேணாம்ல சார், அதுவே நிம்மதி."

ஈரச்சாக்கு

ஒரு மாதம் ஆகும்போது அவர் வீட்டுக்காரர் பாண்டி அண்ணன் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். அக்கா எப்படி இருக்கிறார் என்றேன். நன்றாக இருக்கிறாராம். மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். வெற்றிலைக் கட்டை வைப்பதுபோல வாழைமட்டையில் சுற்றி, ஈரச்சாக்கு போட்டு, நிழலில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "இது என்ன வெத்தலையாண்ணே? எம்புட்டு குளிர்ச்சியா வைக்கிறீங்களோ அம்புட்டு நல்லது." மருந்து உறைந்துவிடக் கூடாது, உறைந்தால் வேலை செய்யாது என்பதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்க சார். தெருமுக்குக் கடையில ஐஸ்கிரீம் பெட்டி இருக்கு. இன்னொரு பாட்டில அதுல வச்சிருறேன்."

அடுத்த ஆளின் நோட்டை வாங்கிக்கொண்டே தலையாட்டினேன்.

கட்டி

அடுத்த மாதம் ஒருநாள் காலையில் அக்காவைச் சரக்கு வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது. சர்க்கரை மீட்டரில் எண்ணே வரவில்லை, அதன் அளவையும் தாண்டியிருந்தது. சிஸ்டர் குளுக்கோஸ் இல்லாத டிரிப் ஏற்றி, எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலின் எடுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ்கள் எல்லாம் கொரோனாவுக்குப் போயிருந்தன. நான் போன் போட்ட ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிப்போனபோது சாயங்காலம் மணி நாலு. சமயநல்லூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் சிஸ்டர், ஊசி போடாமல் விட்டீர்களா என்று கேட்டார். பாண்டி அண்ணன் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது.

"ஒரு வேள தப்பல சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கும், உள்ளங்கையில வச்சு உருக்கித்தான் போட்டேன். சார் சொன்ன மாதிரி நல்லாக் குளுகுளுன்னு இருந்துச்சு."

புதுக் கட்டம்

பிறகு பேரிடரைச் சமாளிக்க என்று அரசாங்கத்தில் எங்கள் நிலையத்துக்கு நிறையச் சாமான்கள் கொடுத்தார்கள். மதுரையில் நடந்த கூட்டத்தில் என்ன வேண்டும் என்று கேட்டபோது, ரிஜிஸ்டரில் 'வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டா' என்று ஒரு கட்டம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார்கள். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். 'இல்லை' என்பவர்களுக்கு ஒரு மாத பாட்டில் மட்டும் கொடுத்து, பாண்டி அண்ணனின் ஈரச்சாக்கைச் சொல்லி அனுப்புகிறேன்.

பாண்டி அண்ணன் மாத்திரைக்கு இன்றும் வருகிறார். ஒருநாள் வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருக்கலாம்.

"வெத்தலைய நான் ஐஸ்ல வைப்பனா சார்? கருகிப்போகும்னு தெரியும்ல. எனக்கே தோணிருக்கணும்."

இப்போது எங்கள் நிலையத்தில் புது ஃப்ரிட்ஜ் இரண்டு, ஜெனரேட்டர் ஒன்று, குளிர்பெட்டிகள் ஒரு அடுக்கு இருக்கின்றன. ஜன்னலில் மட்டும் அதே ஆள்தான்.