முந்நூற்று எண்பது மீட்டர்

களம்பூர் சாலையின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சர்வேயர் மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாரின் மேல் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னென்னவோ சொன்னான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை ஒருமுறை டப்பாவில் தோய்த்து, கோட்டின் இரண்டாவது முனையை நிதானமாக முடித்து, எழுந்து, "இப்ப போங்க" என்றார். லாரிக்கும் அவருக்கும் நடுவில் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றவன் நான். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதி, மூட்டு வலி. இந்தப் பெண்மணியிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அன்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாட்டிக்கொண்டது என் தப்புதான். ஆரணி கோட்டை மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். பஜாரில் எனக்கு மருந்துக்கடை. யார் வேண்டுமானாலும் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்ற ஒரே தகுதிக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பட்டுப்புடவைக்குப் பேர்போன ஊர் மராத்தானுக்கும் பேர் வாங்க வேண்டாமா என்று ஒருவர் கிளப்பிவிட்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள். வேலை என் தலையில் விழுந்தது. முழு மராத்தான் நமக்குக் கட்டாது, அரை மராத்தான் போதும் என்று முடிவானது. போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், வாழைப்பழம், பனியன் என்று ஓடி அலைந்தேன். பனியன்கள் எல்லாம் ஒரே அளவில், ஒன்றுக்குள் இரண்டு பேர் நுழையும்படி வந்து சேர்ந்தன. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன்.

தூரத்தை அளக்க யாராவது வேண்டும் என்றபோது, தாலுகா ஆபீசுக்கு வெம்பாக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நில அளவையரான இந்த மேடத்தைக் கேட்டோம். முப்பத்தைந்து வயதிருக்கும். மைதானத்தில் யாரோடும் பேசாமல் நடப்பார். ஸ்கூட்டரில் ஒருமுறை போய்வந்து, "ஆமாம், சரியா இருக்கு" என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ நீளமான கம்பின் முனையில் சக்கரம் பொருத்திய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். தள்ளிக்கொண்டு நடந்தால் மீட்டர் மீட்டராக எண்ணிக் காட்டும். அதைத் தள்ளிக்கொண்டு, மைதானத்து வாசலிலிருந்து களம்பூர் எல்லை வரைக்கும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தடவை நடந்தார். துண்டு பிடிக்க என்னையும் நடக்க வைத்தார். அரை மராத்தான் என்றால் இருபத்தோரு கிலோமீட்டர், தொண்ணூற்று ஏழரை மீட்டர். அந்த அரை மீட்டருக்காக ஒரு புளியமரத்தடியில் என்னைக் கால்மணி நேரம் காத்திருக்க வைத்தார். "ரோடு வளையற எடத்துல ஓரமாத்தான் ஓடுவாங்க சார், நடுவுல ஓட மாட்டாங்க. அப்ப ஓரமாத்தானே அளக்கணும்?" என்பார். நான் துண்டோடு ஓரத்துக்கு நகர்ந்துகொள்வேன். அந்த மஞ்சள் கோட்டின் மேல் ஒரு டிரம்மை வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் சங்கத்தில் உண்மையாக ஓடத் தெரிந்தவள் ஒருத்திதான். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பகலெல்லாம் தறிகளுக்கு நடுவே நின்றபடி வேலை. காலையில் வந்து, துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, புருஷனுடைய ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து மாட்டிக்கொண்டு, எங்களை எல்லாம் சுற்றிச் சுற்றி ஓடுவாள். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அரை மராத்தான் ஓடியதாகச் சான்றிதழ் இருந்தால் வந்து பார் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். "தறிச் சத்தத்துல காது போய்க்கினு இருக்குது சார். இது கெடைச்சா நிம்மதி" என்று கடையில் வந்து சொன்னாள். எங்கள் மராத்தானை நிஜமாக நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்.

மராத்தான் நடந்த தினம் நல்ல முகூர்த்தம் என்பதை நாங்கள் யாருமே காலண்டரில் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் இரண்டு கல்யாண ஊர்வலங்கள். தண்ணீர்ப் பந்தலில் வைத்திருந்த வாழைப்பழத்தை மேளக்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். நான் மைக்கில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், களம்பூர் முனையில் டிரம்மோடு நின்றிருந்த என் மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாமா, இங்க கோடு போட்ட எடத்துல ரோடு முழுக்க நெல்லு காயப் போட்டுக்கினு இருக்காங்க. ஒதுக்கச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. என்ன பண்ணட்டும்?"

"இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வையேன்."

"மேடம் கத்துவாங்க மாமா."

"நான் பாத்துக்கறேன். ஜல்தியா வை, முன்னால ஓடறவங்க வந்துடப் போறாங்க."

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு போன், அரை நிமிஷம்.

விசைத்தறிப் பெண் ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இதற்காகவாவது இத்தனை அலைச்சலும் தகும் என்று நினைத்தேன். அரைமணி கழித்து, கடைசி ஆளின் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த சர்வேயர் மேடம் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். அளவுச் சக்கரம் வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்தது.

"சார், டிரம் எங்க இருந்துச்சு?"

"நீங்க சொன்ன எடத்துலதான்."

அவர் போனை நீட்டினார். படத்தில் டிரம் ஒரு பக்கம், தூரத்தில் நெல், நெல்லுக்கு அடியில் எங்கோ மஞ்சள் கோடு. "நூத்தித் தொண்ணூறு மீட்டர் குறையுது. போக வர முந்நூத்தி எம்பது" என்றார்.

மாட்டிக்கொண்டதும் என் வாயில் வந்தது இதுதான்: "மச்சான் வெச்சிருப்பான் மேடம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது." அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேடையேறி, மைக்கை வாங்கி, "எல்லாரும் மன்னிச்சுக்கணும். இன்னிக்கு நீங்க ஓடினது முழு தூரம் இல்ல" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. "போனா போவுது மேடம், மெடலைக் குடுங்க" என்று குரல் வந்தது. அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றாள்.

சான்றிதழில் இரண்டு கையெழுத்து: செயலாளர், அளவையர். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்களில் ஒவ்வொன்றாக, அச்சடித்த தூரத்தைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் உண்மையான தூரத்தை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். வெயில் ஏறியது. விருந்தாளிகள் போய்விட்டார்கள். பந்தல்காரர் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது. குறைந்த தூரத்தைக் கணக்கில் சேர்த்தால் அந்தப் பெண் இரண்டு மணியைத் தாண்டிவிடுவாள். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். "அடிக்காத சர்டிபிகேட் ஒண்ணு இருக்குமா சார்?" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். இருந்தது. நான் என் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். கொடுத்தபோது மனசு லேசானது என்பதை மறைக்கமாட்டேன். மூன்றாம் நாள் அதை மடிக்காமல் கவரில் போட்டுத் திருப்பிக்கொண்டு வந்தாள். "வேணாம் சார். ரெண்டு தடவ ஸ்கூல் கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். உள்ள போவ முடியல." அதோடு விட்டாளா? நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய் மேடத்திடமே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாள். மேடம் சொன்ன பதில் எனக்கும் சேர்த்து வந்தது: ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வாங்க, செக்ரட்டரி சாரையும் கூட்டிக்கினு வாங்க.

ஆக, மராத்தான் முடிந்த பிறகும் என் மராத்தான் முடியவில்லை. அவள் தனியாக ஓடினாள். மேடம் ஸ்கூட்டரில் பின்னால் போனார். நான் தண்ணீர் பாட்டில்களோடு என் வண்டியில் நாய்களைத் துரத்திக்கொண்டு போனேன். திரும்பி மைதானத்துக்கு வந்தபோது மேடம் கடிகாரத்தைப் பார்த்துப் படித்தார்: "ரெண்டு மணி, ஒரு நிமிஷம், பதினாலு செகண்டு."

"மேடம், எழுபத்தி நாலு செகண்டுதான். தனியா ஓடியிருக்கா. கொஞ்சம் பாத்து..." என்று இழுத்தேன்.

"நான் அளக்கறவ சார். குடுக்கறவ இல்ல."

இப்படி ஒரு மனுஷி இருப்பாளா என்று அன்று வீட்டில் சாப்பிடும்போது புலம்பினேன். என் மனைவி, "அவங்க சரியாத்தானே சொல்றாங்க" என்றாள். மச்சானும் கூட இருந்தான். ஊரெல்லாம் அவனைத்தான் டிரம்மைத் தள்ளி வைத்தவன் என்று கேலி செய்துகொண்டிருந்தது. அந்தப் பெண்கூட அவனைப் பார்த்தால் பேசுவதில்லை. கை கழுவும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "எப்பதான் மாமா சொல்லப் போறீங்க?" நான் காது கேட்காதவன் போல இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை நான் அவர்களுக்கு முன்னாலேயே வண்டியில் போனேன். களம்பூர் முனையில், எதிர்பார்த்தபடியே, சாலை முழுக்க நெல். மஞ்சள் கோட்டின் அடையாளமே இல்லை. அங்கே இருந்தவர்களிடம் கெஞ்சினேன். "காலங்காத்தால இன்னா சார் பேஜார் பண்ற? வண்டியே ஏறிப் போவுது, ஒரு பொம்பள ஏறி ஓட மாட்டாளா?" என்றார் ஒருவர். நெல் மேல் ஓடினால் வழுக்கும் என்று சொன்னேன். கேட்கிற மாதிரி தெரியவில்லை. ஓரத்தில் நெல் தள்ளுகிற பலகை கிடந்தது. எடுத்தேன். சாலையோரமாக, ஓர் ஆள் ஓடும் அகலத்துக்கு, நெல்லைத் தள்ளிக்கொண்டே போனேன். முதலில் திட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். கடைசியில், நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, அதே ஆள் வந்து பலகையை வாங்கி மிச்சத்தைத் தள்ளிக் கொடுத்தார். கோடு தெரிந்தது. நான் கைக்குட்டையால் அதன் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவள் வந்துகொண்டிருந்தாள். என்னையும் பார்க்கவில்லை, நெல்லையும் பார்க்கவில்லை. கோட்டைக் காலால் தொட்டு, திரும்பி ஓடினாள். பின்னால் வந்த மேடம் வண்டியை மெதுவாக்கி, ஒதுக்கிய வழியைப் பார்த்தார், என் சட்டையில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி அவள் பின்னால் போய்விட்டார்.

ஒரு மணி, ஐம்பத்தெட்டு நிமிஷம், ஐம்பத்திரண்டு செகண்டு. மேடம் மைதானத்திலேயே சான்றிதழை வண்டி சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பள்ளிக்கு அவளோடு நானும் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழை வாங்கி, மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தார். தூரத்தையும் நேரத்தையும் அவர் கண் தொடவே இல்லை. "ஓடுவீங்க இல்ல? சரி, திங்கக்கெழம வாங்க" என்று ஃபைலில் செருகிவிட்டார். எதை நீட்டியிருந்தாலும் வாங்கிச் செருகியிருப்பார். வெளியே வந்ததும் இதைச் சொல்லிக் கத்தினேன். அவள் சிரித்தாள். "அவரு பாக்கலன்னா போவுது சார். நான் கேட்டுக்குள்ள நேரா நடந்து போனேன் இல்ல?" என்றாள்.

மேடம் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். சாலையைப் புதிதாகப் போட்ட பிறகு ஒருமுறை போனில் கேட்டேன். நலமா, குழந்தைகள் எப்படி என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. "புது ரோடுன்னா கோடு போயிருக்கும். மறுபடி அளங்க சார்" என்றார். அளந்தேன். ஐம்பத்தாறு வயதில், கடன் வாங்கிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, சாலை வளைவுகளில் ஓரமாகவே நடந்தேன். இப்போது ஓடுகிறவர்கள் எல்லோர் கையிலும் தூரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. வந்து என்னிடம் சண்டை போடுகிறார்கள். புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர்கள் என் காதுபடவே, "பெருசு உசிர வாங்குது" என்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதைச் சொல்ல இந்த வருஷம்தான் எனக்கு வாய் வந்தது. பள்ளி மைதானத்துக்குப் போனேன். அவள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இருபது பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில். பக்கத்தில் போய் நின்று, சொல்லிவிட்டேன்: அன்றைக்கு டிரம்மைத் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான், மச்சான் இல்லை, இத்தனை வருஷமாக அவன்மேல் பழி போட்டுவிட்டேன் என்று.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே என் காலைப் பார்த்தாள்.

"மச்சானுக்கு நானே போன் பண்ணிப் பேசறேன்" என்றாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார். கோட்டு மேல நின்னுகினு இருக்கீங்க."

தள்ளிக்கொண்டேன். அவள் விசிலை ஊதினாள்.