பழைய காற்று

அந்தப் பள்ளிக்கூடத்தின் இயற்பியல் டீச்சருக்கு, முதுகுக்குப் பின்னால், ‘ஸ்விட்ச் டீச்சர்’ என்று பெயர். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குப் பொறுக்காது. பேச்சைக்கூட நிறுத்தாமல் போய் அணைத்துவிட்டு வருவார். ஒருமுறை கணக்கு வாத்தியார் உள்ளே இருப்பது தெரியாமல் கழிப்பறை விளக்கை அணைத்துவிட்டார். “பூமியக் காப்பாத்துங்க டீச்சர், அப்படியே என்னையும் காப்பாத்துங்க” என்று இருட்டுக்குள்ளிருந்து வந்த குரலைச் சொல்லிச் சொல்லி ஆசிரியர் அறை வெகுநாள் சிரித்தது.

வகுப்பறைகளுக்கு ஏசி வந்தபின் மின்செலவு கைமீறிப் போனது. இந்தக் கட்டடத்தால் வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்கிட்டுக் குறைக்கும் வேலையைத் தலைமையாசிரியர் டீச்சர் தலையில் கட்டினார். டீச்சர் எரியும் மெழுகுவர்த்தியோடு ஜன்னல் ஜன்னலாகப் போனார். சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே குளிர்ச்சி கசிகிறது என்று அர்த்தம். அந்த இடுக்குகளை ரப்பர் பட்டை ஒட்டி அடைத்தார். சுவரின் மேலிருந்த காற்றுத் துவாரங்களைப் பலகை வைத்து மூடச் சொன்னார். மின்செலவு மளமளவென்று இறங்கியது. பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வரப்போவதாகத் தெரிந்ததும், முதலிடம் நமக்குத்தான் என்று தலைமையாசிரியர் வாய்விட்டே சொல்லத் தொடங்கினார்.

டீச்சரின் தங்கை மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டுப் போன மூச்சிளைப்பு இப்போது மறுபடி தலைகாட்டியது. வீட்டில் தூசியைப் பழித்தார்கள், பருவநிலையைப் பழித்தார்கள். ஒருநாள் குழந்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பெரியம்மா, எங்க கிளாஸ்ல காத்து பழசாயிடுச்சு” என்றாள்.

சோறுதான் பழசாகும், காற்று எங்கேயாவது பழசாகுமா என்று டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. அத்தனை குழந்தைகள் விட்ட மூச்சையே அத்தனை குழந்தைகளும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே போகும் கரியமில வாயுவைக் குறைக்கப் போய், அதை வகுப்புக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோம். பாடம் நடத்துகிறவருக்கு இது தோன்றாமல் போனதே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார். மறுநாள் மதியம் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சற்று நேரத்தில் அவர் தலையும் கனத்தது.

தலைமையாசிரியரிடம் ஓடினார். அவர் கெட்டவரல்ல. முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக்குத்தான் குழு வருது. ஒருநாள் பொறுங்க டீச்சர். அவங்க போனதும் எல்லாத்தையும் திறந்துவிட்டுடலாம்.”

டீச்சர் சரி என்றார். ஒருநாள்தானே என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் குழந்தையை வீட்டில் நிறுத்தலாம் என்றால் தங்கை கேட்கவில்லை. பரீட்சை நாள். காய்ச்சலும் இல்லை, பையில் இன்ஹேலர் இருக்கிறது, நீ ஏன் பயந்து சாகிறாய் என்றாள். டீச்சர் காரணத்தைச் சொல்லாமல், இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்தார்.

குழுவினரை அழைத்துக்கொண்டு டீச்சர் மாடி வராந்தாவில் நடந்தார். ரப்பர் பட்டையைப் பற்றி அவர்கள் கேட்க, இவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்பின் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது குழந்தை எழுதிக்கொண்டிருக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு டீச்சர் உள்ளே போனார். வகுப்பு ஆசிரியை பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார். மருந்தைக் கொடுத்ததும் டீச்சர் ஜன்னல் பட்டையை நகத்தால் பிய்த்து இழுத்தார். அது கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது, அவரே நின்று ஒட்டவைத்ததாயிற்றே. ஜன்னல் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது.

“டீச்சர், ஏசி ஓடிக்கிட்டிருக்கு” என்றார் தலைமையாசிரியர், வாசலிலிருந்து, மெதுவாக.

“ஓடட்டும் சார். இந்த ரூம்ல புள்ளைங்களுக்கு மூச்சுவிடக் காத்து இல்ல. அடைச்சது நான்தான். அதையும் அவங்க கணக்குல எழுதிக்கட்டும்.”

குழுவில் யார் என்ன எழுதினார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தார். அவள் மூச்சின் விசில் சத்தம் கைக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

“பெரியம்மா, பரீட்சை பாதிதான் எழுதியிருக்கேன்.”

“பேசாத. மெதுவா மூச்சை விடு.”

குழந்தை விட்டாள். டீச்சர் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்.