வடகரையின் பதினோரு ஓட்டு

நான் கீழ்வேளூர்ப் பக்கத்தில் பிறந்தவள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் என் ஓட்டும் இங்கே வந்து சேர்ந்தது. மாமனார்தான் படிவம் வாங்கி வந்து நிரப்பினார். கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.

ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வடகரையில் எங்கள் தெரு, தென்கரையில் மற்றவர்கள். வடகரை ஒரு கட்சி, தென்கரை வேறொரு கட்சி. வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருவர் எந்தக் கரையில் தூங்கி எழுகிறார் என்று தெரிந்தால் போதும், அவர் யாருக்குப் போடுவார் என்று கேட்க வேண்டியதில்லை. எந்தச் சாதி என்றும் கேட்க வேண்டியதில்லை.

மாமனார் வடகரைக் கட்சியின் கிளைச் செயலாளர். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் மாமனாரும் நானும் என் மகளும்தான். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் மாமனார் வாசலில் நின்று, "எங்க வீட்டு ஓட்டு எங்கயும் போவாதுங்க" என்பார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் வந்ததிலிருந்தே மற்ற கட்சிக்குத்தான் போட்டேன். பிறந்த வீட்டுப் பழக்கமா, கேட்காமல் சொல்லிவிட்டாரே என்ற பிடிவாதமா, இன்றைக்கும் தெரியவில்லை. அப்போது இரண்டு கரைக்கும் ஒரே வாக்குச்சாவடி, தென்கரைப் பள்ளிக்கூடத்தில். எல்லார் ஓட்டும் ஒரே பெட்டியில் கலந்துவிடும். அதில் என் ஒரு ஓட்டு யார் கண்ணிலும் படாது.

ஒரு வெள்ளத்தில் வாய்க்கால் பாலம் இடிந்தது. வயதானவர்கள் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை என்று மாமனாரே மனுக் கொடுத்து அலைந்தார். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு எங்கள் தெரு நூலகத்திலேயே தனிச் சாவடி வந்துவிட்டது. முந்நூறு சொச்சம் ஓட்டு. தெருவே சந்தோஷப்பட்டது. நானும்தான். இருபது அடி நடந்தால் ஓட்டுப் போட்டுவிடலாம். வழக்கம்போல் போட்டுவிட்டு வந்து உலை வைத்தேன்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையில் மாமனார் கையில் ஒரு தாள் இருந்தது. எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் சாவடி வாரியாகக் குறித்துக்கொண்டு வந்த கணக்கு. மாமனாரின் கட்சி ஜெயித்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை.

"நம்ம தெருவுல அவனுங்களுக்குப் பதினோரு ஓட்டு விழுந்திருக்கு" என்றார்.

நான் காப்பித் தம்ளரை மேஜைமேல் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. வாக்காளர் பட்டியலை விரித்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். வீட்டைப் பெருக்கும் சாக்கில் நான் எண்ணினேன். பத்துப் புள்ளிகள்.

"இன்னும் ஒண்ணு யாருன்னு பிடிபடல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தில் ஆறு பேர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள். ஓட்டுப் போட மட்டும் வந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மீதி நாலும் தெருவின் கடைசி வீட்டில் இருந்தன. குத்தகைக்குப் பயிர் செய்யும் ஒருவர், அவர் மனைவி, தாயார், தம்பி. தென்கரையில் இருந்த வீடு வெள்ளத்தில் போனதால், இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கித் தகரக்கொட்டகை போட்டுக் குடிவந்தவர்கள். அந்தக் கரையில் பிறந்தவர்கள் என்பதைத் தவிர அவர்கள்மேல் வேறு எந்தச் சாட்சியும் கிடையாது.

யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் பால் ஊற்றுகிறவர் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். மகளிர் குழுக் கூட்டத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

ஆனியில் குறுவைக்குத் தண்ணீர் வந்தது. கடைசி வீட்டுக்காரரின் நாற்றங்கால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. முறைவைத்துத் திறக்கும் தண்ணீர் அவர் மடைக்கு வருவதற்கு முன்பே அடைபட்டுப்போனது. ஒரு நாள் நடுப்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"முறை தாண்டி மூணு நாளாச்சுங்க ஐயா. நாத்து மஞ்சளாயிடுச்சு."

"பக்கத்து வயல்ல மோட்டார் இருக்கே" என்றார் மாமனார்.

"கேட்டேங்க. ரிப்பேர்னு சொல்றாங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மோட்டார் ஓடும் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது.

"அக்கரையில உங்க ஆளுங்க இருக்காங்களே, அவங்ககிட்ட கேட்டுப் பாரு" என்றார் மாமனார். குரலில் கோபமே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் குடிநீர்க் குழாயடியில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் புள்ளை மேல சத்தியமா நாங்க நாலு பேரும் உங்க கட்சிக்குத்தான் போட்டோம். இந்தத் தெருவுல இருந்துகிட்டு மாத்திப் போடுவமா? மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "சொல்றேன்" என்றேன். சொல்வதற்கு எனக்குப் பத்து நாள் ஆனது. அதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிட்டது.

மாமனார் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"மாமா, அந்தப் பதினொண்ணுல ஒண்ணு என்னோடது."

பேப்பரை மடித்தார்.

"எத்தனை தடவையா?"

"வந்ததிலேருந்து."

"ஊருக்கெல்லாம் நான் சொல்லிட்டு நிக்கிறேன், என் வீட்டு ஓட்டு எங்கயும் போவாதுன்னு" என்றார். பிறகு, "இதை வெளியில சொல்லாதே" என்றார்.

"கடைசி வீட்டுக்காரங்க சத்தியம் பண்றாங்க மாமா. அவங்களுக்குத் தண்ணி விடச் சொல்லுங்க."

"உன்னோடது ஒண்ணுதானே. அவங்க நாலும் அப்படியேதான் இருக்கு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. 'வாம்மா, போம்மா' என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. என்னிடம் காப்பி கேட்பதில்லை, அவரே அடுப்படிக்கு வந்து ஊற்றிக்கொள்வார். அந்த வாரம் குவைத்திலிருந்து பேசிய கணவர், "அப்பா சொன்னாரு" என்றார். அத்துடன் பேச்சை மாற்றி, மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார்.

கடைசி வீட்டுக்காரர்கள் ஐப்பசிக்கு முன்பே தகரங்களைக் கழற்றி டிராக்டரில் ஏற்றினார்கள். பட்டப்பகல். வடகரையின் எல்லாக் கதவுகளும் பாதி திறந்திருந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய புதுப் பாலத்தின்மேல் டிராக்டர் ஏறும்வரை நான் ஜன்னலருகே நின்றேன்.

ஆறேழு மாதம் கழித்து, தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்டியூர் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"உங்களுக்கு நிக்கிறதுக்கு ஒரு வீடு இருந்துச்சுக்கா" என்றாள் கடைசியில். "தென்கரைக்குப் போனா எங்களை வடகரைக்காரங்கங்கறாங்க. ஓட்டையும் அங்கயே மாத்திட்டோம், அப்பவும் நம்ப மாட்டேங்கறாங்க."

அடுத்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வீடு வீடாகக் கொடுக்கும் வாக்காளர் சீட்டு மாமனாருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அடையாள அட்டை இருக்கிறதே என்று காலையிலேயே நூலகத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண் பட்டியலைத் தேடினாள். வேறொரு தாளையும் எடுத்துப் பார்த்தாள்.

"உங்க பேரு நீக்கியிருக்குங்க. நிரந்தரமா இடம் மாறிப் போயிட்டதா மனு வந்திருக்கு."

"நான் எங்கயும் போகலையே. அதோ தெரியுது பாருங்க, அதான் என் வீடு."

"யாராவது எழுதிக் கொடுத்திருப்பாங்க. மறுபடி மனுக் கொடுங்க" என்றாள். எனக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் சட்டை போட்டுக்கொண்டு சாவடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "கூட்டம் எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான். யார் மனுக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அந்தத் தேர்தலில் எங்கள் சாவடியில் மற்ற கட்சிக்குப் பதினாலு ஓட்டு விழுந்தது. கடைசி வீட்டில் ஆளில்லை, என் பெயரும் இல்லை. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு நின்றுபோகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த வருஷம் நானே மனுக் கொடுத்தேன், அதே விலாசத்துக்கு. விசாரிக்க வந்தவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண். எனக்குப் பழக்கமானவர்தான், ஆனாலும் முறைப்படி கேட்க வேண்டும். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் மாமனாரிடம் திரும்பினார்.

"இவங்க இந்த வீட்டுலதான் குடியிருக்காங்களா ஐயா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். என் மகள் உள்ளே பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இப்போதைக்கு இங்கதான் இருக்கு" என்றார் மாமனார்.

வந்தவர் 'ஆம்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.