ஆலோசகர் வீட்டு மோர்ப்பந்தல்

என் வீட்டுக்காரர் தில்லியில் சர்க்காருக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லும் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இதை எழுதும்போதே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. நான் முசரவாக்கத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் ஆகித் தில்லிக்குப் போன புதிதில் அவரைக் கேட்டேன். "உங்களுக்கு இன்னாதாங்க வேலை?"

"மந்திரி கேப்பாரு. நான் யோசனை சொல்லுவேன்."

"அதும்படி செய்வாரா?"

"சில சமயம் செய்வாரு. சில சமயம் நேர் எதிரா செய்வாரு."

"அப்ப நீங்க கோவிச்சுக்குவீங்களா?"

"இல்ல. அவர் செஞ்சது ஏன் சரின்னு எழுதிக் குடுப்பேன்."

அன்றைக்கே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் எத்தனை மந்திரிகளிடம் இருந்தாலும் நான் வேறு கேள்வி கேட்டதில்லை. ஆனால் வெங்காயம் விலை ஏறினால் எங்கள் குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க எல்லாம் என்னைத்தான் பார்ப்பார்கள். காய்க்காரன்கூட, "ஐயாகிட்ட சொல்லும்மா" என்பான். நானும் சொல்லுவேன். அவர், ஏறுவதில் விவசாயிக்கு உள்ள நன்மையையும் நமக்கு உள்ள தீமையையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, வெங்காயம் போட்ட சாம்பாரை ஊற்றிக்கொள்வார்.

எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பது அவர் வழக்கம். எது என்று மட்டும் சொல்ல மாட்டார். எங்கள் பிள்ளைக்குப் பேர் வைக்க மூன்று பெயரை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிறை குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் என் மாமியார் பிள்ளையை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் சின்ன காஞ்சிபுரத்தில் அவருடைய அப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். கருடசேவை அன்று வரதர் எங்கள் தெரு வழியாக வரும்போது ஒரு வீட்டு வாசலில் மோர்ப்பந்தல் போடுவது தெரு வழக்கம். அது என் மாமனார் வீட்டு உரிமை. நாங்கள் தில்லியில் இருந்ததால் அவருடைய சித்தப்பா மகன், அதாவது என் கொழுந்தனார், எதிர் வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் தெருப் பெரியவர்களிடம் போய்ப் பேசி, உரிமையைத் திருப்பி வாங்கினேன். ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருமாள் வாசலைத் தாண்டும் வரைக்கும் அண்டா காலியாகக் கூடாது. காலியானால் அடுத்த வருஷம் பந்தல் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கொழுந்தனார் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "அண்ணி, அண்ணன் நாட்டுக்கே கணக்குப் போட்டவரு. மோருக்குப் போட மாட்டாரா."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. சிறப்புப் பேருந்து எத்தனை விடுகிறார்கள் என்று டிப்போவுக்கு போன் பண்ணினார். எவ்வளவு பூ வரவழைக்கிறார்கள் என்று பூக்கடையில் விசாரித்தார். வெயில் எப்படி இருக்கும் என்று செல்போனில் பார்த்தார். கடைசியில் கூட்டம் குறைவாக வந்தால், நடுத்தரமாக வந்தால், அதிகமாக வந்தால் என்று மூன்று கணக்கு வைத்தார். தயிர் கொண்டுவரும் பால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, எவ்ளோ கொண்டாரட்டும்?"

"அது மழை வரதைப் பொறுத்து இருக்குது."

"மழை வருமா?"

"வரலாம்."

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் நடுக்கணக்கைக் காட்டினேன். மந்திரிகளும் இப்படித்தான் காட்டியிருப்பார்கள் போல. தயிர் கெட்டியாக இருக்கணும், பெருங்காயம், இஞ்சி, கொத்தமல்லி எதிலும் குறை வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

மழை வரவில்லை. விடியற்காலையிலேயே தென்னேரி, வாலாஜாபாத் பக்கமிருந்து வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கிவிட்டது. மோர் நல்லா இருக்கிறது என்ற பேச்சு தெருமுனை வரைக்கும் போய், குடித்தவர்களே இன்னொரு தரம் வந்தார்கள். பெருமாள் இன்னும் தெருவுக்குள் திரும்பவில்லை, மேளச் சத்தம் மட்டும் கேட்கிறது. அண்டாவில் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. எதிர் வாசலில் கொழுந்தனார் பொஞ்சாதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, இப்ப இன்னா செய்யறது?"

"ரெண்டு வழி இருக்குது. இருக்கிற கெட்டியிலயே குடுத்தா பேரு நிக்கும், ஆனா பாதிப் பேருக்குக் கெடைக்காது. தண்ணி ஊத்தினா எல்லாருக்கும் கெடைக்கும், ஆனா..."

"பெருமாள் வந்துகினு இருக்காரு. எதுன்னு ஒண்ணு சொல்லுங்க."

"நீ இன்னா நினைக்கிற?"

"நான் ஒண்ணும் நினைக்கல" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் கரண்டியைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் குடிதண்ணீர்க் குடம். வேட்டி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்கவே இல்லை. இரண்டு குடத்தையும் கவிழ்த்துவிட்டு, ஒரு பிடி உப்பு அள்ளிப் போட்டு, தானே கலக்கினார். மறுபடியும் உள்ளே போய் இன்னும் இரண்டு குடம் கொண்டுவந்தார்.

கருடன் மேல் வரதர் எங்கள் வாசலைத் தாண்டும்போது அண்டாவில் கால்வாசி இருந்தது. தெருப் பெரியவர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த வருஷமும் இங்கேதான் என்றார்.

கூட்டம் கலைந்ததும் கொழுந்தனார் பொஞ்சாதி தெருவைக் கடந்து வந்தாள். ஒரு டம்ளர் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது மோரா?"

நான் அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்தேன். பச்சைத் தண்ணீர். ஒரு கொத்தமல்லி இலை மட்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"தில்லியில இப்படித்தாம்மா குடிப்பாங்க" என்று சொல்லி, இன்னொரு டம்ளர் ஊற்றச் சொன்னேன்.