காத்திருப்பில் ஒரு வரி

எங்கள் சபைக்கு ஊரில் ‘எந்திரிக்கிற சபை’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, கேலிக்குத்தான் வைத்திருப்பார்கள். மென்னோனைட் என்ற சொல் இந்தப் பக்கத்து வாயில் நுழைவதில்லை. என் தங்கச்சி இன்றைக்கும் அதை ஏதோ மாத்திரையின் பெயர்போலத்தான் சொல்கிறாள். தெலங்கானாப் பக்கத்திலிருந்து சிவகாசிக்கு ஆஃப்செட் மிஷின் ரிப்பேர் பார்க்க வந்த ஒரு மெக்கானிக், தன் வாடகை வீட்டில் நாலு பேரை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அது வளர்ந்து இன்றைக்குப் பழைய காகிதக் குடோன் ஒன்றில் முப்பது சொச்சம் பேராக இருக்கிறது. வளர்ந்தது என்றால் அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரும் அதில் ஏழாவது, எட்டாவது ஆட்கள்.

எங்களுக்குப் பேராயர் கிடையாது, எலெக்‌ஷன் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருவரை மூப்பராக வைப்போம். அவர் கூட்டத்தை நடத்துவாரே தவிர முடிவெடுக்க மாட்டார். விஷயத்தை அவர் வாசிப்பார். சம்மதமுள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எல்லாரும் நின்றால் முடிவு. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் முடிவில்லை. ‘காத்திருப்பு’ என்று நோட்டில் எழுதி அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மூப்பரும் ஓர் ஆள்தான், குடோனைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவும் ஓர் ஆள்தான். ஒரு முறை ஃபேன் மாட்டுகிற விஷயமே இரண்டு கோடை காத்திருந்தது. தலைக்கு மேல் எது சுற்றினாலும் பயப்படுகிற ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டார். முப்பது பேரும் வேர்த்து வழிந்தோமே தவிர, அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒரு முடிவெடுக்க இம்புட்டுப் பேரு எந்திரிக்கணுமாக்கும்? நாங்க இருக்கன்குடிக்குப் போயி ஆத்தாகிட்டப் பூக் கேட்டா அஞ்சு நிமிசத்துல சொல்லிருவா” என்பாள் தங்கச்சி. அவள் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

எங்களிடம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்த ஆள், தானாகக் கேட்டு வர வேண்டும். ஞானஸ்நானமும் அங்கத்துவமும் எங்களுக்கு ஒன்றுதான். முதலில் ஒரு வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம் எல்லார் முன்னாலும் தன் வாழ்க்கையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு மொத்தச் சபையும் எழுந்து நிற்க வேண்டும். நின்றால், ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் கிடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்குக் கொடுப்போம். உள்ளே வந்த பிறகு யாரையும் கைநீட்டி அடிக்கக் கூடாது, சத்தியம் பண்ணக் கூடாது, சக அங்கத்தினர்மேல் கேஸ் போடக் கூடாது. வருஷத்துக்கொரு தரம் தை மாதக் கூட்டத்தில் பெயர்ப் பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் ‘இருக்கிறேன்’ என்று சொல்லி அந்த வாக்கைப் புதுப்பிக்க வேண்டும். இறந்தவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நோட்டின் பின்பக்கத்துக்குப் போய்விடும். அதை வாசிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் பின்பக்கத்துக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது.

அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். அன்றைக்கும் முடித்துவிட்டுக் கைகால் கழுவியிருக்கிறார். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம். போர்மேன் வந்து, “அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு கலவை போட்டுருங்க” என்று கேட்டிருக்கிறார். இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. போர்மேன் டீ குடிக்கப் போனார், இவர் உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆமத்தூரில் இரண்டு அறை வீடு, சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. தினசரி காலண்டர் தாளில் தேதியும் கிழமையும் ராகு காலமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராகு காலம் பார்க்காத சபைக்காரிதான் ஊருக்கெல்லாம் ராகு காலம் பார்த்துக் கொடுக்கிறேன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். வீட்டில் டிவி சத்தமாக ஓடும், அதற்குப் பதில் சொல்லத்தான் ஆள் கிடையாது.

அவர் போன இரண்டாம் வருஷம், அந்தப் போர்மேன் எங்கள் சபைக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு சைக்கிள் பஞ்சர் கடை போட்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வருஷம் கேட்டார். பிறகு எழுந்து நின்று, அந்த ஒரு கலவையைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். பெண்கள் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ‘இவரை நம்மில் ஒருவராக ஏற்க மனமுள்ளவர்கள் எழும்பலாம்’ என்றார் மூப்பர். நாற்காலிகள் தள்ளுகிற சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்திருந்தேன். சுத்தமான கோபம், வேறொன்றுமில்லை. யாருடைய வாயால் அவர் உள்ளே போனாரோ அந்த ஆளோடு அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட எனக்கு என்ன தலையெழுத்து?

எழுத்து வேலை பார்க்கிற தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வழக்கத்தைவிட அன்பாக எனக்கு டீ கொடுத்தார்கள்.

அடுத்த தை மாதம் பழைய விஷயங்களை வாசிக்கும்போது அந்த வரி வந்தது. இன்னார் அங்கத்துவம் கேட்டது காத்திருப்பில், காரணம், நம் மறைந்த சகோதரர் இன்னாரின் மரணம். ‘இன்னார்’ என்று நான் எழுதுகிறேன். அந்தத் தம்பி பெயரைத்தான் வாசித்தார், முதலெழுத்தோடு முழுப் பெயராக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வருஷக் கணக்காக அந்தப் பெயரை நான் எங்கும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சபையில் ‘அண்ணன்’ என்பார்கள். தங்கச்சி ‘மச்சான்’ என்பாள். தெருக்காரர்கள் என் எதிரில் அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டிலிருந்தும் நீக்கியாயிற்று. மூப்பர் எழும்பச் சொன்னார். நான் மறுபடியும் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை கோபத்தால் இல்லை.

இப்படியே ஐந்து கூட்டம் போயிற்று.

ஒருவர் உட்கார்ந்துவிட்டால், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டு வர வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு பெண்கள் வந்தார்கள். தக்காளி விலை பேசினார்கள், என் முழங்கால் வலியை விசாரித்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். காரணத்தை மட்டும் கேட்கவில்லை. புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். போய், ‘சகோதரிக்கு இன்னும் நேரம் வேண்டும்’ என்று எழுதிவைத்தார்கள். யார்மேலும் எதையும் திணிக்கக் கூடாது என்று வாழ்கிறவர்கள் நாங்கள். அதனால் வாசற்படி வரை வந்து, நல்ல மனசோடு அப்படியே திரும்பிப் போகவும் எங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தியாவது ‘ஏன்டி உக்காந்திருக்க?’ என்று அதட்டியிருந்தால் உடைந்து கொட்டியிருப்பேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஆளோ ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். அங்கத்தினர் அல்லாதவருக்கு அப்பம் இல்லை என்பதால், அது வருகிற நேரத்தில் தட்டிலிருந்து எதையும் எடுக்காமல் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடுவார். ஓரக் கண்ணால் நான் அதைப் பார்ப்பேன்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், குடோன் பெருக்குகிற அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

“மதினி, நான் ஒண்ணும் கேக்க வரலை. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர், அதனால் நான் மதினி. அந்தச் சொல்லே எனக்கு ஆகாது. “என் பேரை நோட்டுலருந்து எடுத்துரச் சொல்லப் போறேன். வருசா வருசம் அம்புட்டுப் பேரு நிக்கையில உங்களை ஒத்தையில உக்கார வச்சிருக்கேன். செஞ்சது பத்தாதுன்னு இது வேற. நான் சும்மா வந்து பின்னால உக்காந்துட்டுப் போறேன்.”

“வேண்டாம்” என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. “எடுக்காதீக.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன தாயி சொல்ற? சேக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாமா?”

“எடுத்தா அந்த வரி போயிரும்க்கா.”

“எந்த வரி?”

“அவுக பேரு வர்ற வரி. வருசத்துல ஒரு நா அதை ஒருத்தரு வாய்விட்டு வாசிக்காக. வேற எங்கயும் நான் கேக்குறதில்ல.”

“அதுக்கா இம்புட்டு வருசம் உக்காந்திருந்த? வீட்டுல நீயே சொல்லிக்கிட வேண்டியதுதான?”

“நான் எப்படிக்கா சொல்லுவேன்?”

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் என் வயசுக்காரிதான். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். ‘ஏங்க’ என்பேன், ‘இங்கன பாருங்க’ என்பேன். அவர் பெயர் என் வாயில் வந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் புருசன் பெயர் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளுவேன் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கும். அவர் போன பிறகாவது சொல்லிப் பார்க்கலாம் என்றால், நாக்கு எழும்பவில்லை. அடுத்தவர் வாயால் கேட்டால்தான் உண்டு.

அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப நான் எடுக்கலை மதினி. நீங்க உக்காந்தே இருங்க. நான் முழுக்கு வாங்காமலே செத்தாலும் சரி, அண்ணாச்சி பேரு வாசிக்கட்டும்” என்றார். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இருவரும் வெயிலில் நடந்து போனார்கள்.

அந்த ஆள் என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மனசார விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை. அந்த வாரம் அச்சகத்தில் ஒரே மாதத்துக்கு இரண்டு பதினேழாம் தேதி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தன் ஆர்டருக்காக ஒரு மனுஷனை உள்ளே அனுப்பினார் என்றுதானே அவர்மேல் எனக்கு ஆத்திரம்? என் காது குளிர்வதற்காக ஒரு மனுஷனை ஐந்து வருஷம் வெளியே நிறுத்திவைத்தவளை என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். வெட்கம்தான் இருந்தது.

தை மாதக் கூட்டம் வந்தது. பட்டியல் வாசித்தார்கள், ‘இருக்கிறேன்’ என்றேன். பிறகு அந்த வரி. தம்பி வாசித்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டேன். மூப்பர் எழும்பச் சொன்னதும் நானும் எழுந்தேன்.

எங்களிடம் இன்னொரு ஒழுங்கு உண்டு. தடுத்தவர் மனம் மாறினால் வெறுமனே எழுந்து நின்றால் போதாது. எல்லாரும் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று, சபையை ஆரம்பித்த மெக்கானிக் வைத்த ஏற்பாடு. நோட்டை வாங்கி, அந்த வரியைத் தன் வாயாலேயே வாசித்து, ‘இதை விடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஃபேன் விஷயத்தில் அந்தப் பெரியவரும் அப்படித்தான் வாசித்தார். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு வாரமாக அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தேன்.

தம்பி நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டு, “சிஸ்டர், அண்ணன் பேரை விட்டுட்டு வாசிங்க, பரவாயில்லை” என்றார். அக்கா சொல்லியிருப்பார்.

“இல்லைங்கய்யா. இருக்குறதை வாசிக்கேன்” என்றேன்.

வாசித்தேன். ‘நம் மறைந்த சகோதரர்’ வரை சரியாகத்தான் போனது. அங்கே நின்றுவிட்டேன். கடைசி வரிசையில் அந்த ஆள் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். முப்பது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள்; காத்திருப்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அப்புறம் சொன்னேன். முதலெழுத்தோடு, முழுசாக, அவர் இருந்தபோது ஊரில் மற்றவர்கள் எல்லாரும் சொன்னபடியே சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மனுஷனும் திரும்பிப் பார்ப்பான். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்க அவர் இல்லை.

“இதை விடுகிறேன்” என்று சொல்லி நோட்டைத் தம்பியிடம் கொடுத்தேன்.